வீட்டைத் திருத்துவதா, குடிமாறுவதா?



“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்” என்பார்கள் நம் பெரியவர்கள். கட்டிய வீட்டை இடித்துப் பெருக்குவதும் அவ்விரண்டுக்குக் குறைந்த சோதனையல்ல. தோட்டத்தில் இருக்கும் குடும்பங்களிலும், தோட்டத்தை விட்டுக் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் குடியேறிய குடும்பங்களிலும் இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. பிள்ளைகள் வளர்கிறார்கள், மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள், இரண்டு அறை போதவில்லை. பின்புறம் இழுத்துக் கட்டலாம் என்கிறார் அப்பா. வேறு தாமானுக்குப் போய்விடலாம் என்கிறான் மகன். எதைச் செய்வது? நாம் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பார்ப்போம்.

முதற்கேள்வி: வீடு யாருடையது?

லயத்து வீட்டில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியை மறந்துவிடக் கூடாது. எத்தனை தலைமுறை வாழ்ந்திருந்தாலும் அந்த வீடு நிர்வாகத்தின் சொத்து. வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டிவரும். நம் கைப்பணத்தில் போட்ட தரைக்கல்லையும் கட்டிய சமையலறையையும் பெட்டியில் வைத்து எடுத்துப்போக முடியாது. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், குடியிருப்பைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் பொறுப்பை முதலாளியிடம் ஒப்படைத்திருக்கிறது. அனுமதியில்லாமல் வீட்டை நீட்டவோ மாற்றவோ இடந்தரக் கூடாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. ஆகவே கூரை ஒழுகினால் நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். தீர்வு இல்லையென்றால் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ நாடுங்கள். உங்கள் சேமிப்பு உங்கள் பெயரில் வரப்போகும் வீட்டுக்குச் சேரட்டும்.

இது வெறும் அச்சுறுத்தல் அல்ல; நம் சரித்திரம். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, வேலையோடு வீட்டையும் இழந்து நின்றவர்கள் ஏராளம். அந்தத் துயரத்துக்கு மாற்றாகத்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் 1990-களில் பெராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த இடத்தில் புத்ராஜெயா எழுந்தது. அங்கிருந்த பாட்டாளிகள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குக் குடிமாற்றப்பட்டார்கள். நாளடைவில் அந்த அடுக்குமாடிகளில் விரிசல் கண்டது. தரை வீடு கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் குரல் கொடுக்க நேர்ந்தது. நாமே முடிவெடுக்காவிட்டால், நமக்காகப் பிறர் முடிவெடுத்துவிடுவார்கள்.

இரண்டாம் கேள்வி: நம் குறை திருத்தினால் தீரக்கூடியதா?

சொந்த வீடு உள்ளவர்கள் ஒரு தாளை எடுத்து, வீட்டில் உள்ள குறைகளையெல்லாம் எழுதுங்கள். அறை போதவில்லை, கூரை ஒழுகுகிறது, குளியலறைத் தரை வழுக்குகிறது என்பவை கொத்தனார் தீர்க்கக்கூடியவை. வெள்ளம் வருகிறது, வேலைக்குப் போகப் பேருந்து இல்லை, தமிழ்ப்பள்ளி தூரம் என்பவை எந்தக் கொத்தனாராலும் தீராதவை. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது, புதுச் சமையலறை உள்ள வீடும் பழைய சமையலறை உள்ள வீடும் ஒன்றாகவே மூழ்கின. தாழ்ந்த நிலத்தில் ஒவ்வொரு மழைக்கும் பயந்து வாழ்பவர், அழகுக்காகப் பணம் போடுமுன் நன்றாக யோசிக்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி: வீடு தாங்குமா?

கிள்ளானின் பல பகுதிகளில் நிலம் மென்மையான கடற்களிமண். அதனால் மூல வீட்டை, நிலத்தில் ஆழ அடித்த கம்பங்களின்மேல் நிறுத்தியிருப்பார்கள். பின்புறத்தை நீட்டும்போது, செலவைக் குறைக்க எண்ணி, கம்பம் அடிக்காமல் தரைமேலேயே சிமெண்டு போட்டுச் சுவர் எழுப்புவதுண்டு. என்ன நடக்கும்? பழைய வீடு நின்ற இடத்தில் நிற்கும். புதுப்பகுதி மட்டும் மெல்ல மெல்ல இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விடும். மழைநீர் உள்ளே வரும். குத்தகைக்காரரிடம் “அடித்தளம் எப்படிப் போடுகிறீர்கள்?” என்பதை முதலில் கேளுங்கள், விலையைப் பிறகு கேளுங்கள். அதே வரிசையில் ஏற்கெனவே நீட்டிக் கட்டியவர்களின் வீட்டையும் போய்ப் பாருங்கள். அவர்கள் சுவர் சொல்லும் பாடத்துக்குக் கட்டணம் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் அடுக்குமாடியில் வாழ்வோருக்கு வேறு கவலை. வீடு நம்முடையதானாலும் தூணும் உத்தரமும் எல்லாருக்கும் பொது; அவற்றில் கை வைக்கக் கூடாது. குளியலறையை மாற்றுகையில் நீர்க்காப்புப் பூச்சைக் கெடுத்தால் கீழ்வீட்டில் ஒழுகும். அப்படிக் கசிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை, மேல்வீட்டுக் கசிவென்றே விதிகள் கொள்கின்றன.

தரை வீடாயினும் அடுக்குமாடியாயினும் அனுமதி பெறாமல் தொடங்காதீர்கள். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி, நீட்டிக் கட்டுவதற்கு நகராண்மைக் கழகம் அல்லது மாநகர் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும்; இல்லையேல் இடிக்கும்படி உத்தரவு வரலாம். பழைய வீடுகளில் கல்நார் கலந்த கூரைத்தகடு இருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும், நீங்களே உடைக்காதீர்கள்.

நான்காம் கேள்வி: இரு வழிக்கும் முழுச் செலவு என்ன?

குடிமாறுவதென்றால் வீட்டின் விலை மட்டும் செலவல்ல. 3,00,000 வெள்ளி வீட்டுக்குப் பத்து விழுக்காடு முன்பணம் 30,000 வெள்ளி. உரிமை மாற்ற முத்திரை வரி, முதல் 1,00,000-க்கு 1 விழுக்காடும் அடுத்ததற்கு 2 விழுக்காடுமாக 5,000 வெள்ளி. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, அதாவது 1,350 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணம் தனி. முதல் வீடு வாங்குவோருக்கு அரசு அவ்வப்போது சலுகை அறிவிப்பதுண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள்.

திருத்துவதென்றால், ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்கு மேல் கையிருப்பு வேண்டும். சுவரை உடைத்தபின்தான் கறையானும் துருப்பிடித்த கம்பியும் தெரியவரும். வேலை நடக்கும் மாதங்களில் வயதானவர்கள் எங்கே தங்குவார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள். பணத்தை மொத்தமாக முன்னரே கொடுக்காமல், முடிந்த வேலைக்கேற்பத் தவணையாகக் கொடுங்கள்.

ஊழியர் சேமநிதியைப் பற்றியும் ஒரு சொல். 2024 மே மாதம் முதல் சந்தாப் பணம் மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. வீடு வாங்கவும், கட்டவும், வீட்டுக்கடனைக் குறைக்கவும் செஜாதெரா கணக்கிலிருந்து எடுக்கலாம். பழைய வீட்டைத் திருத்துவதற்கு அந்த வழி இல்லை. எந்தத் தேவைக்கும் எடுக்கக்கூடிய பிளெக்சிபெல் கணக்கு உண்டு. ஆனால் அதுவும் முதுமைக்கான பணம். பளிங்குத் தரைக்காக அதைக் கரைத்துவிட்டால், உழைக்க முடியாத காலத்தில் அந்தத் தரை நமக்குச் சோறு போடாது.

சுருங்கச் சொன்னால், வீடு நம்முடையதாக இருந்து, இடம் நல்லதாக இருந்து, அடித்தளம் தாங்குமென்றால், திருத்துவதே சிக்கனம். மண்ணோ இடமோ உரிமையோ குறையாக இருந்தால், எவ்வளவு திருத்தினாலும் அந்தக் குறை நிற்கும். பணத்தைச் சேர்த்துக் குடிமாறுவதே நல்லது. முடிவெடுக்கும்போது அடுப்படியில் நாளெல்லாம் நிற்கும் அம்மாவையும், படியேற முடியாத பாட்டியையும் கேளுங்கள். அந்த வீட்டில் அதிக நேரம் வாழ்கிறவர்கள் அவர்களே.