இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள்

மயிலாப்பூரிலும் அடையாறிலும் காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுக்க வருபவர்களில் பலர், வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொண்டு காபிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பெண்கள் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பக் கூடாது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில், ஆண்களுக்கு வெறும் வயிற்று அளவு கூடியிருப்பது அதிகம். பெண்களுக்கோ 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவுதான் அதிகம் கூடுகிறது. பல நாட்டு ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. காலையில் பார்க்கும் எண் சரியாக இருந்தும், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை தெரியாமலே போகலாம்.

‘இது பெண் என்பதால் அல்ல, உடல் சிறியது என்பதால்’ என்று மறுப்பவர்கள் உண்டு. பெருமளவு சரிதான். சர்க்கரையை அதிகம் உறிஞ்சுவது தசை. ஐந்தடிப் பெண்ணுக்கும் ஆறடி ஆணுக்கும் ஒரே 75 கிராம் கொடுத்தால், தசை குறைந்தவரின் ரத்தத்தில் அது கூடுதல் நேரம் தங்கும். ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் உயரத்தைக் கணக்கில் எடுத்ததும் வேறுபாடு பெரிதும் மறைந்தது. ஆனால் பந்தியில் இலைக்கு ஒரு ஜாங்கிரி என்றுதான் வைக்கிறோம், தி.நகர் கடைகளிலும் எல்லோருக்கும் ஒரே அளவு இனிப்புதான். காரணம் உயரமே என்றாலும், அந்தச் சர்க்கரையைச் சமாளிக்க வேண்டியது அந்த உடல்தான்.

கர்ப்பத்தை உயரக் கணக்கில் அடக்க முடியாது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை மட்டுப்படுத்துகின்றன. சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவும் குழுவினரும் தமிழகத்தில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், நகர்ப்புறக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதம் பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. சாப்பிட்டு வந்தவருக்கும் அன்றே 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் 140 மில்லிகிராமைத் தொடுகிறதா என்று பார்க்கும் எளிய முறையை வலியுறுத்தியவர் அவர். அவருடைய பிறந்த நாளான மார்ச் 10 கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் அளவு இறங்கியதும் குடும்பமே அதை மறந்துவிடுகிறது. இந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்போ மற்றவர்களைவிட ஏழு மடங்கு.

ஆண்களுக்குத்தான் குறைந்த எடையிலேயே, இளவயதிலேயே சர்க்கரை வருகிறது என்பதும் உண்மை. ஆனால் வந்தபின், இதய நோய் அபாயத்தை அது பெண்களுக்கே கூடுதலாக ஏற்றுகிறது. 2014இல் வெளியான பெரிய தொகுப்பாய்வின்படி, ஆண்களைவிட 44 சதவீதம் கூடுதல் விகிதத்தில். அதனால்தான் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த தாய்க்குப் பிரசவமாகி ஆறாவது வாரம் மறுபடி குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டியதும் அதே ஆறாவது வாரம்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் அன்றே தாயின் ரத்தத்தையும் பார்த்துவிடலாம்.