சுவர் ஏறிய மாணவர்கள்! சிறைக்குப் போன பெண்கள்! கேம்பிரிட்ஜ் நகரின் இரவுகள்

லண்டனுக்கு வடக்கே சுமார் 60 மைல் தூரத்தில் இருக்கிறது, கேம்பிரிட்ஜ் நகரம். அங்குள்ள சர்வகலாசாலை 1209-ம் ஆண்டில் தோன்றியது. நியூட்டன் படித்தது அங்கேதான். டார்வின் படித்ததும் அங்கேதான்.

பகலில் அந்த ஊரைப் பார்ப்பவர்கள், "ஆகா, என்ன அமைதி!" என்பார்கள். கேம் நதியில் படகுகள் மெல்ல மிதக்கும். மாதா கோவில் மணி ஒலிக்கும்.

இரவில்? அது வேறு கதை!

பூட்டிய கதவு

கேம்பிரிட்ஜில் கல்லூரிகள் ஊர் முழுவதும் பரவிக் கிடக்கின்றன. பழைய கல்லூரிகளுக்கு எல்லாம் கோட்டை போல மதில் உண்டு. பெரிய வாசல் கதவும் உண்டு.

20-ம் நூற்றாண்டின் பாதிவரை, இரவு 10 மணி ஆனதும் அந்தக் கதவை அடைத்துவிடுவார்கள். அதன் பிறகு வருகிற மாணவன் அபராதம் கட்ட வேண்டும். நடுநிசியும் தாண்டிவிட்டால் அது பெரிய குற்றம்.

இருட்டிய பிறகு தெருவில் போகும் மாணவன், கறுப்பு அங்கி அணிந்துதான் போகவேண்டும். இதைக் கண்காணிக்க "பிராக்டர்" என்ற அதிகாரிகள் இருந்தார்கள். அவர்களும் சர்வகலாசாலை ஆசிரியர்களே. இரவில் தெருத் தெருவாக ரோந்து வருவார்கள். பின்னால் இரண்டு காவலாட்கள் வருவார்கள். அந்த ஆட்களுக்கு மாணவர்கள் வைத்த பெயர், "புல்டாக்"! ஓடுகிற மாணவனைத் துரத்திப் பிடிப்பது புல்டாக்கின் வேலை. அங்கி இல்லாமல் அகப்பட்டால் 6 ஷில்லிங் 8 பென்ஸ் அபராதம்.

கதவைப் பூட்டினால் மாணவர்கள் சும்மா இருப்பார்களா? சுவர் ஏறினார்கள். தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்கள். முதலில் அறைக்குத் திரும்புவதற்காக ஏறியவர்கள், பிறகு ஏறுவதற்காகவே ஏறத் தொடங்கினார்கள். டிரினிடி கல்லூரிக் கூரைகளில் ஏறுவது எப்படி என்று 1899-ல் ஒரு கையேடே வெளிவந்தது! 1937-ல் இன்னொரு புத்தகம், போட்டோக்களுடன் வந்தது. எழுதியவர் தன் பெயரை மறைத்துப் புனைபெயர் போட்டுக்கொண்டார். கிங்ஸ் கல்லூரி மாதா கோவிலின் உச்சிக் கோபுரத்தைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை.

கூரை மேல் மோட்டார்!

1958-ம் ஆண்டு ஜூன் மாதம். ஒருநாள் காலையில் ஊர் மக்கள் அண்ணாந்து பார்த்தார்கள். சர்வகலாசாலையின் செனட் மண்டபக் கூரை மேல் ஒரு ஆஸ்டின் மோட்டார் வண்டி நின்றுகொண்டு இருந்தது! இரவோடு இரவாக மாணவர்கள் அதைக் கயிறு கட்டி மேலே தூக்கிவிட்டார்கள்.

இறக்குவதற்கு அதிகாரிகள் படாதபாடு பட்டார்கள். கிரேன் கொண்டுவந்தும் முடியவில்லை. கடைசியில் வண்டியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் இறக்கினார்கள்.

செய்தது யார்? கல்லூரியின் டீனுக்கு ஓரளவு தெரிந்திருந்தது. அவர் அந்த மாணவர்களுக்கு ஒரு பெட்டி ஷாம்பேன் அனுப்பிவைத்தார். வெளியே மட்டும், "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று இருந்துவிட்டார்.

எல்லா மாணவர்களும் கூரை ஏறவில்லை. 1914-ல் டிரினிடிக்கு வந்த கும்பகோணத்து ராமானுஜனுக்கு, இரவு என்றால் குளிர்தான். ஓவர்கோட்டு மாட்டிக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தும் நடுங்கினார். நண்பர் மகாலானோபிஸ் படுக்கையைப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் அப்படியே இறுக்கமாக விரித்து இருந்தன! அவற்றை நீக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று கணித மேதைக்கு யாரும் சொல்லவில்லை.

நடந்ததே குற்றம்!

இவை எல்லாம் சிரிக்கக்கூடிய கதைகள். சிரிக்க முடியாத கதை ஒன்றும் உண்டு.

1561-ல் எலிசபெத் ராணி, சர்வகலாசாலைக்கு ஒரு சாசனம் கொடுத்தார். அதன்படி, சந்தேகத்துக்கு உரிய பெண்களைப் பிடித்து அடைக்கும் அதிகாரம் சர்வகலாசாலைக்குக் கிடைத்தது. எது சந்தேகம்? அதைப் பிராக்டரே முடிவு செய்வார்! மாணவனோடு நடந்துபோன ஊர்ப்பெண் பிடிபட்டால், அவள் தனிச் சிறைக்குப் போகவேண்டியதுதான்.

அந்தச் சிறைக்குப் பெயர், "நூற்கும் வீடு". ஹாப்சன் என்ற வண்டிக்காரர் ஏழைகளுக்கு வேலை கொடுப்பதற்காக விட்டுச்சென்ற கட்டிடம் அது. (குதிரை வாடகைக்குக் கேட்டால், வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் குதிரையைத்தான் கொடுப்பாராம், இந்த ஹாப்சன்!) வேலை கொடுக்கவேண்டிய வீடு, சிறை ஆகிவிட்டது. அங்கேயே துணைவேந்தர் விசாரிப்பார். வக்கீல் கிடையாது. ஜூரி கிடையாது. கூட வந்த மாணவனுக்குச் சிறை கிடையாது. 19-ம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள்.

1846-ம் ஆண்டு நவம்பர் மாதம், எலிசபெத் ஹவ் என்ற 19 வயதுப் பெண்ணைப் பிடித்து வந்தார்கள். கடுங்குளிர். அவளுக்குக் கொடுத்த படுக்கையோ ஈரம். ஒரே இரவுதான். காய்ச்சலில் விழுந்தாள். சில வாரங்களில் இறந்துபோனாள். மரண விசாரணை நடத்திய ஜூரிகள் அந்த முறையையே கண்டித்தார்கள். ஆனால் சிறை மூடப்படவில்லை.

1891-ல் டெய்சி ஹாப்கின்ஸ் என்ற 17 வயதுப் பெண் பிடிபட்டாள். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? "சர்வகலாசாலையைச் சேர்ந்த ஒருவருடன் நடந்தாள்." அவ்வளவுதான்! 14 நாள் சிறை. வழக்கு லண்டன் ஐகோர்ட்டுக்குப் போனது. நடப்பது எந்தச் சட்டத்திலும் குற்றம் அல்ல என்று, நீதிபதிகள் தண்டனையை ரத்து செய்தார்கள். பிறகு அவள் பிராக்டர் மீது போட்ட நஷ்டஈட்டு வழக்கு தோற்றுவிட்டது. ஆனாலும் நாடு முழுவதும் பேச்சு எழுந்தது. 1894-ல் பார்லிமெண்டு சட்டம் போட்டு, அந்த அதிகாரத்தைப் பறித்தது. 1901-ல் கட்டிடத்தையும் இடித்தார்கள்.

படிக்க வந்த பெண்களுக்கும் மரியாதை அதிகம் இல்லை. 1921-ல் பெண்களுக்கு முழு உரிமை தருவது பற்றி ஓட்டு எடுத்தபோது, தீர்மானம் தோற்றது. வெற்றிக் களிப்பில் ஆண் மாணவர்கள் தள்ளுவண்டியால் மோதி, நியூன்ஹாம் பெண்கள் கல்லூரியின் வெண்கலக் கதவுகளைச் சேதப்படுத்தினார்கள். பெண்களுக்குச் சரிசமமான பட்டம் 1948-ல்தான் கிடைத்தது. கடைசி ஆண்கள் கல்லூரியான மாட்லின், 1988-ல்தான் பெண்களைச் சேர்த்தது. அன்று சில மாணவர்கள் கையில் கறுப்புத் துணி கட்டித் துக்கம் கொண்டாடினார்கள்!

இப்போது...

இரவில் அங்கி அணியும் விதி 1960-களில் போய்விட்டது. 18 வயதிலேயே மேஜர் என்ற சட்டம் 1970-ல் அமலுக்கு வந்தபின், கதவுப் பூட்டுக்கும் வேலை குறைந்தது. பிராக்டர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் தெருவில் போகும் பெண்ணை நிறுத்திக் கேட்க அவர்களால் முடியாது. நடுநிசிக்குப் பிறகு மாணவர்களும் ஊர்க்காரர்களும் மார்க்கெட் சதுக்கத்து வண்டிக் கடைகளில், ஒரே வரிசையில் நின்று கபாப் வாங்குகிறார்கள்.

மதில் மட்டும் இன்னும் நிற்கிறது. பரீட்சை முடிந்ததும் கல்லூரிகளில் "மே நடனம்" நடக்கும். பெயர்தான் மே; நடப்பது ஜூனில்! டிக்கெட் விலை சில நூறு பவுன். இரவு முழுவதும் ஆட்டமும் பாட்டமும் விருந்தும்தான். விடியும்வரை தூங்காதவர்கள், காலையில் ஒன்றாக நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

டிரினிடியிலும் பக்கத்துச் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியிலும் வாணவேடிக்கை பிரமாதமாக இருக்கும். டிக்கெட் இல்லாதவர்கள் கவலைப்படுவது இல்லை. கேம் நதியில் படகுகளை நெருக்கமாக நிறுத்திக்கொண்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து இருக்கிறார்கள்.