எட்டு மடிப்பு, எத்தனை ஆயுள்?

சுட்டு முடித்த ஷாட்கன் தோட்டாவின் காலிக் கூட்டைக் குப்பை என்று நினைப்பவர்கள், அமெரிக்காவில் பறக்கும் தட்டைச் சுடும் ‘டிராப்’ கிளப் ஏதாவது ஒன்றில் பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். வானத்தில் கிளே தட்டு பொடிப்பொடியாகிறது. சுட்டவர் துப்பாக்கியை மடித்துத் திறக்கிறார். துள்ளி வரும் கூட்டைத் தரையில் விழவிடாமல் லபக்கென்று பிடித்து இடுப்புப் பையில் போட்டுக்கொள்கிறார். ஒரு சுற்றுக்கு 25 தட்டு, 25 கூடு. ஒன்றைக்கூட விடுவதில்லை!

ஏன் இத்தனை ஆசை? மாலையில் அவர் வீட்டுக் கார் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மேசை ஓரத்தில் ஒரு கைப்பிடி இயந்திரம். காலிக் கூட்டை மறுபடி தோட்டாவாக்குவது அதுதான்; பெரும்பாலும் விஸ்கான்சின் மாநிலம் மேவில் ஊரில் பிறந்த ‘மெக்’ நிறுவனத் தயாரிப்பாக இருக்கும். கைப்பிடியை இழுத்தால், மருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமர் கழன்று விழுகிறது, வெடித்த அழுத்தத்தில் உப்பிய பித்தளை அடி பழைய அளவுக்கு இறுகுகிறது. புதுப் பிரைமர், மருந்து, மருந்தையும் ரவையையும் பிரிக்கும் பிளாஸ்டிக் வாட், ஈய ரவை என்று வரிசையாக உள்ளே போகின்றன. கடைசியில் வாய் எட்டு மடிப்பாகச் சுருங்கி மூடிக்கொள்ளும் தருணம் இருக்கிறதே, நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்! தோட்டாவுக்கு 1⅛ அவுன்ஸ் கணக்கில், 25 பவுண்டு ரவை மூட்டை ஒன்றில் 355 தோட்டா தேறும்.

சரி, ஒரே கூட்டை எத்தனை தடவை நிரப்பலாம்? அது பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. வின்செஸ்டர் 1965இல் இறக்கிய ‘ஏஏ’ தோட்டாவில் சுவரும் அடியும் ஒரே பிளாஸ்டிக் துண்டு. அச்சில் வைத்து அழுத்தி உருவாக்கியது. ரெமிங்டனின் ‘எஸ்டிஎஸ்’ கூடும் அதே ஜாதி. இவை 8, 10 தடவை சாதாரணமாகத் தாங்கும். மிதமான லோடு போடுகிறவர்கள் 15ஐயும் தாண்டுகிறார்கள். இன்றைய ஏஏ இரண்டு பாகமாக மாறிவிட்டது. பழைய ஒற்றைத்துண்டுக் கூடுகளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பிரியர்கள் இன்னமும் உண்டு. பிளாஸ்டிக் குழாயை வெட்டி, அடியில் தனி அடைப்பாக ஒரு வாட் செருகிய மலிவுக் கூடுகளுக்கு 3 முதல் 5 தடவைதான். மெழுகேற்றிய காகிதக் கூடு அதையும் எட்டுவது அரிது. ஆனால் சுட்டதும் அதிலிருந்து வரும் வாசனைக்காகவே ஃபெடரலின் காகிதத் தோட்டாவை விடாமல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்!

கூடு கிழடாகிவிட்டதா என்று அறியப் பழகிய கைக்கு எண்ணிக்கைகூட வேண்டாம், கூட்டின் வாயே சொல்லிவிடும். கூட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். மடிப்புக் கோடுகளில் முதலில் கருப்புக் கீறல், பிறகு ஊசித்துளை, பிறகு பிளவு. அதற்கும் மேல் விட்டால் ஓர் இதழே தனியாகப் பிய்ந்து வரும். புதுக் கூட்டின் வாயை இரண்டு விரலால் நசுக்கினால் சட்டென்று விரியும்; கிழட்டுக் கூடு துவண்டு அப்படியே கிடக்கும். அப்படித் துவண்ட வாயை மடித்தால் நடுவில் சின்ன ஓட்டை விழுந்து, அது வழியாக ரவை பையெல்லாம் உதிரும்.

வாய் கிழிந்தால் நஷ்டம் கொஞ்சம்தான். உண்மையில் பயப்பட வேண்டியது அடிப்பக்கம். பிரைமர் குழி தளர்ந்து, புதுப் பிரைமர் விரலால் தள்ளினாலே உள்ளே போகிறதா? கூட்டைத் தூக்கிப் போடுங்கள். தனியாகச் செருகிய அடி வாட் ஆடுகிறதா? யோசிக்கவே வேண்டாம். அது கழன்று குழலுக்குள் சிக்கிக்கொண்டால், அடுத்த தோட்டா குழலையே பிளந்துவிடும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் ஒரே பெட்டியில் வாங்கியவற்றை ஒரே கூட்டமாகச் சுழற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. கூட்டத்தில் நாலைந்து பல்லிளித்தால் மொத்தத்துக்கும் ஓய்வு.

12 கேஜ் தோட்டாவில் இத்தனை பாடுபட்டும் மிச்சமாகும் காசு அதிகமில்லை. அங்கே சந்தோஷம்தான் லாபம். அதைவிடச் சின்னக் குழலுக்கான பாயின்ட் 410 தோட்டாவில் கதையே வேறு! ரவை வெறும் அரை அவுன்ஸ், கடை விலையோ 12 கேஜைவிட அதிகம். சுவர் மெலிது என்பதால் கூடும் சீக்கிரம் கிழிகிறது. டிராப் போலவே தட்டு சுடும் ஸ்கீட் மைதானத்தில் அந்தச் சின்னத் துப்பாக்கிக்காரர்கள் குனிந்து குனிந்து புல்லுக்குள் கூடு தேடுவதை அவசியம் பார்க்க வேண்டும்.