ஜாமீன் கையெழுத்து: போடலாமா, கூடாதா?

போன மாதக் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து, தீர்மான நோட்டில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு குழுவின் ஊக்குநர் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, எங்க தெருப் பையன் ஒருத்தனை அடிதடி கேஸுல போலீஸ் புடிச்சிட்டுப் போயிடுச்சு. கோர்ட்டுல ஜாமீன் கொடுத்துட்டாங்களாம். ஆனா ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டாத்தான் வெளியே விடுவாங்களாம். அவங்க அம்மா என்கிட்ட வந்து அழுறாங்க. வீட்டு வரி ரசீது, ஆதார் எல்லாம் வேணுமாம். போடலாமாக்கா?"

அவர் கேட்டு முடிக்கவில்லை. "போட்டுடாதே! அவன் ஓடிட்டா உன் வீடு போயிடும்" என்றார் ஒருவர்.

"இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் என் தம்பிக்கு ஒருத்தரும் வரலை. ஜாமீன் கிடைச்சும் ஒன்றரை மாசம் உள்ளேயே கெடந்தான். கூலி போச்சு, எங்க குழுக் கடன் தவணையும் நின்னு போச்சு" என்று கண் கலங்கினார் இன்னொருவர்.

"எங்க ஊருல பூட்டு உடைக்கிறவன் ஒருத்தன் நாலு தடவை உள்ளே போயி நாலு தடவையும் வெளியே வந்துட்டான். அவனுக்கு மட்டும் யாரு கையெழுத்துப் போடுறா?" என்றார் மூன்றாவது சகோதரி.

மூன்று பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்த மாதம் ஜாமீனைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

ஜாமீன் என்றால் விடுதலை அல்ல

ஜாமீனில் வந்துவிட்டால் கேஸ் முடிந்துவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. வழக்கு அப்படியேதான் இருக்கிறது. "கூப்பிடும்போதெல்லாம் கோர்ட்டுக்கு வருவேன், சாட்சிகளை மிரட்ட மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே இருப்பதுதான் ஜாமீன். அந்த வாக்குக்குப் பொறுப்பாகக் கையெழுத்துப் போடுகிறவர் ஜாமீன்தாரர்.

நமக்கு இது புதிதல்ல. குழுவில் ஒருத்தி கடன் வாங்கினால் மற்றவர்கள் பொறுப்பேற்கிறோம் அல்லவா? அவளைத் தெரியும், கட்டுவாள் என்ற நம்பிக்கையில்தானே கையெழுத்துப் போடுகிறோம்! ஜாமீனும் அதே மாதிரிதான். இங்கே கட்ட வேண்டியது தவணை அல்ல, வர வேண்டியது வாய்தா.

சிறையில் இருப்பவர்கள் யார்?

சிறையில் இருப்பவர்கள் எல்லோரும் குற்றவாளிகள் என்று தோன்றும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டு முடிவில் நம் நாட்டுச் சிறைகளில் இடம் 4,36,266 பேருக்கு. இருந்தவர்களோ 5,73,220 பேர். அதாவது 100 பேர் படுக்க வேண்டிய இடத்தில் 131 பேர்.

இவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தாரா இல்லையா என்று கோர்ட் இன்னும் தீர்ப்புச் சொல்லாதவர்கள். நான்கு பேரில் மூன்று பேர் இப்படி! அதே ஆண்டு 1,537 பெண் கைதிகள் தங்கள் குழந்தைகளோடு சிறையில் இருந்தார்கள். அந்தக் குழந்தைகள் 1,764 பேர். ஆறு வயது வரைதான் குழந்தை தாயோடு இருக்கலாம். அதற்குப் பிறகு பிரிக்க வேண்டியதுதான்.

இவர்களில் எல்லோருக்கும் ஜாமீன் மறுக்கப்பட்டது என்று நினைக்காதீர்கள். ஜாமீன் உத்தரவு கிடைத்தும், கட்டப் பணமோ கையெழுத்துப் போட ஆளோ இல்லாமல் உள்ளேயே இருப்பவர்களும் உண்டு. நம் சகோதரியின் தம்பி அப்படித்தான் கிடந்தார்.

இது இன்று நேற்று வந்த பிரச்சினை அல்ல. 1978-இல் மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தது. கீழ்க் கோர்ட்டில் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பி கையெழுத்துப் போட வந்தால், "உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது" என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் மறுபடியும் உச்ச நீதிமன்றம் போனார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், ஏழைக்குத் தகுதிக்கு மீறிய தொகை கேட்கக் கூடாது, வெளி மாவட்டம் என்பதற்காக ஜாமீன்தாரரைத் தள்ளக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லி, தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்தார். அடுத்த ஆண்டு, 1979-இல், பீகார் சிறைகளில் விசாரணையே நடக்காமல் பல ஆண்டுகள் கிடந்தவர்களின் வழக்கு வந்தது. செய்ததாகச் சொன்ன குற்றத்துக்கு உள்ள முழுத் தண்டனையையும் தாண்டி உள்ளே இருந்தவர்களும் அதில் உண்டு.

சட்டம் நமக்குத் தருவது என்ன?

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) நடைமுறையில் இருக்கிறது. அதிலிருந்தும் உச்ச நீதிமன்ற உத்தரவுகளிலிருந்தும் நாம் தெரிந்திருக்க வேண்டியவை:

1. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். (பயண நேரம் இதில் சேராது.) வீட்டாருக்கும் தகவல் சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு, விடிவதற்கு முன் பெண்களைக் கைது செய்யக் கூடாது. மிக அவசியம் என்றால் பெண் போலீஸ் அதிகாரி மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற வேண்டும்.

2. சிறு குற்றங்கள் பல ஜாமீனில் விடக்கூடியவை. அவற்றில் ஜாமீன் கேட்பது நம் உரிமை. கைதான ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால், அவரை ஏழை என்று எடுத்துக்கொண்டு சொந்தக் கையெழுத்திலேயே விட வேண்டும்.

3. மற்ற குற்றங்களை 'ஜாமீனில் விட முடியாத குற்றம்' என்பார்கள். பேரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். ஜாமீனே கிடையாது என்று அர்த்தமல்ல. கொடுப்பதா வேண்டாமா என்பதைக் கோர்ட் முடிவு செய்யும். பெண்கள், குழந்தைகள், நோயாளிகள் என்றால் கோர்ட் கூடுதல் கருணை காட்டச் சட்டத்தில் இடமிருக்கிறது.

4. போலீஸ் 60 நாளுக்குள் (ஆயுள் தண்டனை, 10 ஆண்டுத் தண்டனை போன்ற பெரிய குற்றங்களில் 90 நாளுக்குள்) குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. ஆனால் மனுப் போட்டுக் கேட்டால்தான் கிடைக்கும். நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

5. முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்குள்ள அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால் அவரை விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். உதாரணமாக மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள திருட்டு வழக்கில், முதல் முறை மாட்டியவருக்கு ஒரு ஆண்டு. சிறைக் கண்காணிப்பாளரே கோர்ட்டுக்கு இதற்கு எழுத வேண்டும். 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது இல்லை. ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருப்பவருக்கும் இல்லை.

6. ஜாமீன் கிடைத்து 7 நாளாகியும் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் கட்ட முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே யோசிக்கலாம். இது 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. ஏழைக் கைதிகளின் ஜாமீன் தொகைக்கு உதவ மத்திய அரசும் 2023-இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதையும் ஆணைக்குழுவிடம் கேட்கலாம்.

கையெழுத்துப் போட்டால் என்ன பொறுப்பு?

"வீடு போயிடும்" என்று பயந்த சகோதரிக்குப் பதில் இது. வெளியே வந்தவர் வாய்தாவுக்கு ஒழுங்காக வந்தால் உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. வராமல் ஓடிவிட்டால் கோர்ட் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பும். பத்திரத்தில் எழுதிய தொகையை ஏன் கட்டக் கூடாது என்று கேட்கும். உங்கள் நியாயத்தைச் சொல்லலாம், தொகையைக் குறைக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பதிலே சொல்லாமல், பணமும் கட்டாமல் இருந்தால் சொத்திலிருந்து வசூலிப்பார்கள். அதற்கும் வழியில்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். ஆகவே நோட்டீஸ் வந்தால் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள், உடனே வக்கீலைப் பாருங்கள்.

போட்ட பிறகு அவர் நடத்தை சரியில்லை என்று தெரிந்தால்? "இனி நான் பொறுப்பில்லை" என்று மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். கோர்ட் அவரை வரவழைத்து வேறு ஆள் கேட்கும். ஆள் இல்லாவிட்டால் அவர் உள்ளே போக வேண்டியதுதான்.

புரோக்கரிடம் ஏமாறாதீர்கள்!

"அவனுக்கு மட்டும் யாரு கையெழுத்துப் போடுறா?" என்று கேட்டாரே, அதற்கு வருவோம். திரும்பத் திரும்பக் குற்றம் செய்கிறவனுக்கு ஊரில் யாரும் போடுவதில்லை. கோர்ட் வாசலில் திரியும் புரோக்கர் போட வைக்கிறான். "ஐநூறு ரூபாய் தர்றேன், வரி ரசீதும் ஆதாரும் எடுத்துட்டு வாம்மா, சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று ஏழைப் பெண்களைத்தான் தேடிப் பிடிக்கிறான். கூலி இல்லாத நாளில் ஐநூறு ரூபாய் பெரிதாகத் தெரியும். ஆனால் பத்திரத்தில் உங்கள் போட்டோவும் இடது பெருவிரல் ரேகையும் இருக்கும். இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் போட்டிருக்கிறீர்கள் என்றும் நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். பொய் சொன்னால் வழக்கு உங்கள் மேலேயே வரும். அவன் ஓடினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும், புரோக்கர் வீட்டுக்கு அல்ல!

ஆக, காசு உள்ள பழைய குற்றவாளி வெளியே வருகிறான். ஆள் இல்லாத ஏழை முதல் தடவை மாட்டியும் உள்ளேயே கிடக்கிறான். தெரியாதவனுக்குக் காசுக்குப் போடும் கையெழுத்தும், தெரிந்தவனுக்குப் பயந்து போடாத கையெழுத்தும் சேர்ந்துதான் இந்த நிலைமையைக் கொண்டுவருகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்களைக் 'குண்டாஸில்' போட்டார்கள் என்று கேள்விப்படுகிறோம். அது 1982-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். அதில் விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை வைக்கலாம், ஜாமீன் கேட்க முடியாது. அறிவுரைக் குழுமத்திடமும் உயர் நீதிமன்றத்திலும் முறையிடலாம்.

வெளியே வந்தவன் நம்மை மிரட்டினால்?

அடித்த கணவனோ, கொடுமை செய்த ஆளோ ஜாமீனில் வந்து "கேஸை வாபஸ் வாங்கு" என்று மிரட்டினால் பயந்து பின்வாங்க வேண்டாம். தேதி, நேரம், கூட இருந்தவர் பெயர் எழுதிப் போலீசில் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். ரசீது வாங்குங்கள். அதன் நகலோடு அரசு வழக்கறிஞரைப் பார்த்து ஜாமீனை ரத்து செய்ய மனுப் போடச் சொல்லுங்கள். செசன்ஸ் கோர்ட்டுக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் இருக்கிறது. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு என்றால், ஜாமீன் மனு வரும்போதே பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் கொடுத்து அவர் பேச்சையும் கேட்க வேண்டும்.

வக்கீல் பீஸுக்கு வட்டிக்கு வாங்காதீர்கள்

ஒருவர் கைதானால் நாம் முதலில் போவது வட்டிக் கடைக்குத்தான். தேவையில்லை! பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. காவலிலோ சிறையிலோ இருப்பவர் ஆணாக இருந்தாலும் உண்டு. தாலுகா கோர்ட் வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும், மாவட்டக் கோர்ட்டில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இருக்கின்றன. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம்.

அந்த ஊக்குநர் என்ன செய்தார்?

பையனின் அம்மாவிடம் நான்கு கேள்வி கேட்கச் சொன்னோம். என்ன வழக்கு? முன்பு வேறு வழக்கு இருக்கிறதா? பத்திரத்தில் எவ்வளவு தொகை? அடுத்த வாய்தா எப்போது? விசாரித்தார். திருவிழாவில் நடந்த கைகலப்பு, வேறு வழக்கு எதுவும் இல்லை, தொகை 10,000 ரூபாய். சிறு வயதிலிருந்து பார்த்த பையன். வீட்டில் கணவரிடமும் கலந்து பேசிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். குழுப் பணத்தை இதில் கொண்டுவரவில்லை, குழு சீலும் வைக்கவில்லை. தன் பெயரில், தன் பொறுப்பில் போட்டார். பத்திரத்தின் நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் நாள் ராத்திரி அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னு ஞாபகப்படுத்திட்டு வர்றேன்க்கா" என்று இந்த மாதக் கூட்டத்தில் சொன்னார். பையன் இரண்டு வாய்தாவுக்கும் போய் வந்துவிட்டான். கட்டட வேலைக்கும் போகிறான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

• நம் ஊரில் ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் யாராவது இருக்கிறார்களா? ஆணைக்குழுவுக்கு யார் எழுதுவது?

• புரோக்கரிடம் வரி ரசீது, ஆதார் நகல் கொடுத்தவர்கள் இருக்கிறார்களா?

• 15100 என்ற எண்ணை எல்லா உறுப்பினர்களும் வீட்டுச் சுவரில் எழுதி வைத்துவிட்டோமா?