விமானத்தில் கை கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

விமானக் கழிவறையில் கை கழுவிவிட்டு வாஷ் பேசின் அடைப்பைத் திறந்தால், 'உஸ்'ஸென்ற சத்தத்தோடு தண்ணீர் மறைந்துவிடும். எங்கோ ஒரு தொட்டியில் சேரும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலான பயணிகள் விமானங்களில் அது நேராக ஆகாயத்துக்குப் போகிறது. மலக்கழிவு மட்டுமே தொட்டியில் தங்கி, தரையிறங்கியபின் வண்டியில் எடுக்கப்படும். கை கழுவிய நீரும் சமையல் பகுதியின் சிங்க் நீரும், விமானத்தின் அடிவயிற்றில் துடுப்புபோல நீட்டிக்கொண்டிருக்கும் வடிகுழாய் வழியே வெளியேறிவிடும். அழுக்குத் தண்ணீரைச் சுமக்க எரிபொருளை வீணாக்குவானேன்?

இதற்கு மோட்டார் வேண்டாம். 35,000 அடி உயரத்தில் வெளியே காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் கால் பங்குகூட இல்லை. உள்ளே அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த வேறுபாடே தண்ணீரைத் தள்ளுகிறது. 'உஸ்' சத்தமும் அதனால்தான். வெளியே வந்த நீரை எதிர்க்காற்று துகள்துகளாகச் சிதறடித்துவிடும்.

சிக்கல் குளிரில் இருக்கிறது. அந்த உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 54 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதனால் வடிகுழாய்க்குள் மின்சார ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அது பழுதானால், குழாயின் நுனியில் பனிக்கட்டி வளர்ந்து, உடைந்து விமானத்தின் உடலில் மோதலாம். குழாய்க்குள்ளே உறைந்தாலோ தண்ணீர் வந்த வழியே திரும்பும்.

2008 ஜனவரி 7 அன்று அதுதான் நடந்தது. லண்டனிலிருந்து பாங்காக் சென்ற குவாண்டாஸ் போயிங் 747 தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தன. முன்பகுதிச் சமையலறையின் வடிகாலில் ஹீட்டர் வேலை செய்யாமல் பனி அடைத்து, தண்ணீர் பொங்கித் தரையில் ஓடியது. கீழே மின் கருவிகளைக் காக்க வேண்டிய தடுப்பில் விரிசல். அதன் வழியே ஒழுகிய நீர், நான்கு ஜெனரேட்டர்களில் மூன்றின் கட்டுப்பாட்டுக் கருவிகளை முடக்கியது. விமானத்தில் 365 பேர் இருந்தார்கள். அனைவரும் பத்திரமாக இறங்கினார்கள். இதே கோளாறு நடுக்கடலில், இறங்குவதற்கு மணிக்கணக்கில் இருக்கும்போது வந்திருந்தால் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

அடைப்புக்குப் பனிதான் வேண்டும் என்பதில்லை. காபித்தூளும் பாலும் பழச்சாறும் போதும். மெல்லக் கசியும் நீர், தரைக்கு அடியிலுள்ள உலோகச் சட்டங்களை யார் கண்ணிலும் படாமல் அரிக்கும். இந்த வடிகால்களைப் பரிசோதிக்கும் பணி, எஞ்சினைப் பரிசோதிப்பதற்குச் சமமான அக்கறைக்கு உரியது.

நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மிச்சக் காபியையும் டீயையும் வாஷ் பேசினில் ஊற்றாமல், கோப்பையோடு பணிப்பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள்.