கை நடுக்கத்துக்கு மாத்திரை: மூளைக்குப் போவது எப்படி?

உங்கள் வீட்டுப் பெரியவருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு கை நடுங்குகிறதா? சட்டைப் பித்தான் போடவே நேரமாகிறதா? காலைத் தேய்த்து நடக்கிறாரா? "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அது நடுக்குவாதமாக, அதாவது பார்க்கின்சன் நோயாக இருக்கலாம்.

உடம்பின் அசைவு சீராக இருக்க, மூளையில் டோப்பமின் என்ற பொருள் ஊற வேண்டும். அதைச் சுரக்கும் அணுக்கள் அழிவதால்தான் இந்த நோய் வருகிறது. "அப்போ டோப்பமினையே ஊசியாப் போட்டுடலாமே?" என்று கேட்பீர்கள். போட்டாலும் மூளைக்குப் போய்ச் சேராது. ராயபுரம் பக்கம் துறைமுகத்து ஜீரோ கேட்டைப் பார்த்திருப்பீர்கள். பாஸ் இல்லாத லாரி வெளியேதான் நிற்கும். மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரும் அப்படி ஒரு கேட்தான். டோப்பமினுக்குப் பாஸ் கிடையாது, லெவோடோபாவுக்கு உண்டு. அது உள்ளே போய் டோப்பமினாக மாறுகிறது. 1957-இல் சுவீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன், மருந்தால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபா ஊசி போட்டார். அவை எழுந்து நடமாடின! 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

லெவோடோபா வழியிலேயே மாறிவிட்டால் குமட்டலும் வாந்தியும்தான் மிச்சம். அதைத் தடுக்கவே மாத்திரையில் கார்பிடோபாவும் சேர்க்கிறார்கள்.

நம்ம ஊர்ப் பூனைக்காலி விதையிலும் லெவோடோபா இருக்கிறது. 1937-இல் சேப்பாக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதற்காக நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கி நீங்களே கொடுத்துவிடாதீர்கள். விதைக்கு விதை அளவு வேறுபடும். மாத்திரையோடு சேர்ந்து அளவு மீறினால் வாந்தியும் மனக்குழப்பமும் வரும்.

மாத்திரையைப் பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுக்க வேண்டும். மீன், முட்டை, பருப்பில் உள்ள புரதமும் அதே கேட்டில்தான் வரிசை நிற்கிறது! மருமகளுக்குச் சுகாதார நிலையத்தில் தந்த இரும்புச்சத்து மாத்திரையை, "தெம்பு வரட்டும்" என்று பெரியவருக்கும் கூடவே கொடுப்பவர்கள் உண்டு. அது லெவோடோபா உடம்பில் சேருவதைக் குறைத்துவிடும். நேரம் பார்த்து மாத்திரை கொடுக்கும் வேலையை மருமகள் தலையில் மட்டும் கட்டாதீர்கள், மகனுக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த மாத்திரை நோயை அடியோடு போக்காது, அசைவை மீட்டுத் தரும். "நல்லாத்தானே இருக்கார்" என்று திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நாளாக ஆக மருந்தின் வேகம் சீக்கிரம் தணியும். எந்த நேரத்தில் நடுக்கம் கூடுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பழைய மாத்திரை அட்டையோடு ஸ்டான்லி அரசு மருத்துவமனை நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். அளவை அவர் மாற்றித் தருவார்.