பிறர் அறிவும் நம் தறியும்

புது மாதிரி தறியில் ஏறியிருக்கும்போது அயலார் எவரேனும் வந்தால், ஒரு துணியை எடுத்து மேலே போட்டு மூடிவிடுகிற நெசவாளரை அங்கத்தினர்கள் அறிவார்கள். அவர்மீது குற்றமில்லை. பாடுபட்டு அமைத்த கரையைச் சில வாரங்களுக்குள் விசைத்தறியில் மலிவாக அடித்துக் குவித்துவிடுகிறார்கள். ஆயினும், நம் சரக்கை மூடுகிற கை, வெளியிலிருந்து வரும் அறிவையும் சேர்த்து மூடிவிடலாகாது.

ஒரு தொழில் தனக்கு வேண்டிய யுக்திகளைத் தன்னிடத்தில் மட்டும் தேடாமல் வெளியார் அறிவையும் வரவழைத்துக்கொண்டு, தான் அறிந்ததில் ஒரு பகுதியைப் பிறருக்கும் வழங்குவதைத் 'திறந்த புத்தாக்கம்' என்பர். அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி செஸ்ப்ரோ 2003ஆம் ஆண்டில் நூலெழுதி இதை விளக்கினார். பெயர்தான் புதிது.

ஜக்கார்டு பெட்டியையே பார்ப்போம். பிரான்சு தேசத்து லியோன் நகரின் பட்டு நெசவு பெரும்பாலும் சிறு பட்டறைகளில் நடந்தது. 1725ல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதத்தால் பாவிழைகளைத் தெரிந்தெடுக்கும் வழியைக் கண்டார். சில ஆண்டுகளில் பல்கோன் காகிதத்திற்குப் பதிலாக அட்டைகளை அமைத்தார். வோகான்சோன் அந்த அமைப்பைத் தறியின் தலைமேல் ஏற்றினார். இவர்கள் வேலையைக் கற்று ஒன்றாக்கியவரே ஜக்கார்டு. 1805ல் அவருடைய சாதனம் பொதுச் சொத்தாயிற்று. அவருக்கு உபகாரச் சம்பளமும், தறிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் ஏற்பாடாயின. 1815ல் பிரெதோன் என்பவர் அட்டை நகரும் பாகத்தைச் சீர்செய்த பிறகே அது நன்கு பரவிற்று. நூலிழுக்கும் உதவியாளின் பிழைப்பு இதனால் போயிற்று என்பதையும், நெசவாளரே முதலில் இதை வெறுத்தனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் ஜான் கே, கயிற்றை இழுத்தால் ஓடும் நாடாவுக்கு 1733ல் தனியுரிமை பெற்றார். உற்பத்தியாளர்கள் உரிமைத் தொகை கொடாமல் அதை உபயோகித்ததோடு, வழக்குச் செலவைப் பகிர்ந்துகொள்ள ஒரு சங்கமும் கூட்டினார்கள். (கூட்டுறவு இப்படியும் நடந்திருக்கிறது!) வழக்காடிப் பொருளிழந்த கே, பிரான்சுக்கே போய்ச் சேர்ந்தார்.

நமக்கு அருகிலும் ஓர் உதாரணம் உண்டு. போச்சம்பள்ளிப் புடவைக்கு நூலில் சாயக்கட்டுப் போடுமுன், முளைகளின்மீது அந்நூலை ஆயிரக்கணக்கான முறை கையால் சுற்றவேண்டும். அதற்கு ஆசு என்று பெயர். தம் தாயாரின் தோள்வலியைக் கண்டு மனம் பொறாத சிந்தகிந்தி மல்லேசம், இதற்கென ஒரு யந்திரம் செய்ய முயன்று இடையில் தடைப்பட்டு நின்றார். ஐதராபாத்தின் பட்டறை ஒன்றில், வேறொரு தொழிலுக்கான யந்திரத்தில் தாம் தேடிய அசைவைக் கண்டார். 1999ல் வேலை முடிந்தது. 2017ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மல்லேசத்திடம் தெளிவான கேள்வி ஒன்று இருந்தது. விடையைக் கண்டவுடன் அடையாளம் தெரிந்தது. 'விற்பனை மந்தம்' என்பது கேள்வியாகாது. 'மூன்றாம் துவைப்பில் இந்தச் சிவப்பு ஏன் இறங்குகிறது?' என்பதே கேள்வி. இதை எடுத்துக்கொண்டு நெசவாளர் சேவை மையத்திற்குப் போகலாம். பயிர் பற்றியதானால் வேளாண்மை அறிவியல் நிலையத்திற்குப் போகலாம். வந்த யோசனையை முதலில் ஒரே தறியில், ஒரே பாத்தியில் சோதிக்கவேண்டும். அந்தத் தறியின் கூலிக் குறைவைச் சங்கமே ஏற்கவேண்டும். இல்லையேல் எல்லோருக்குமான பரீட்சையின் நஷ்டம் ஒரு குடும்பத்தின் தலையில் விழும். நிர்வாகஸ்தர்கள் பலர் இங்கேதான் தவறுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சாயம், கருவி, சாகுபடி முறை ஆகியவற்றைத் தாராளமாகப் பகிரலாம். கரை, முந்தி முதலிய புது வடிவங்களின் நிலை வேறு. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தால் 10 ஆண்டுகள் உரிமை உண்டு. மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். ஆனால் விண்ணப்பிக்குமுன் வடிவம் பகிரங்கமாகியிருக்கக் கூடாது. மாதிரிப் புடவை கடைத்தெருவுக்குப் போனபின் விண்ணப்பத் தாளை நிரப்புவதில் பயனில்லை.